பிப்ரவரியில் 18 வயது: ஹோமை விட்டு வெளியேறும் பையனுக்கு என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

செந்தூல் டியூஷன் அக்கா | ஆகஸ்ட் 16

வணக்கம். கோலாலம்பூரில் எங்கள் பகுதியில் உள்ள ஒரு பிள்ளைகள் இல்லத்தில் நான்கு வருடமாக சனிக்கிழமைதோறும் கணக்கும் மலாயும் சொல்லிக் கொடுக்கிறேன். அங்கே ஒரு பையன், படிவம் 5. தம்பி என்றே சொல்கிறேன், பெயர் வேண்டாம். நவம்பரில் எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வு, பிப்ரவரியில் 18 வயது. ஏழு வயதில் இல்லத்துக்கு வந்தவன். அம்மா இல்லை. அப்பா எங்கோ இருக்கிறார், வருவதில்லை.

போன சனிக்கிழமை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவன் திடீரென்று, "அக்கா, சோறு ஆக்கும் குக்கர் என்ன விலை?" என்று கேட்டான். நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினான். குக்கர், தலையணை, வாளி, பூட்டு என்று பட்டியல் போட்டு, பக்கத்தில் விலைக்கு இடம் விட்டிருந்தான். மேலே முதல் வரியில் "ரூம்" என்று எழுதி அடித்திருந்தான். எதற்கு அடித்தாய் என்றேன். "அதுக்கு எவ்ளோன்னு தெரியல அக்கா" என்றான்.

இல்லத்தில் விசாரித்தேன். எஸ்.பி.எம். முடிந்ததும் ஒரு மாதம் பார்ப்போம், அதற்குப் பிறகு அவன் இடத்துக்குச் சின்னப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்றார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. ஆறு மாதம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஓய்வுபெற்ற டீச்சர் | ஆகஸ்ட் 16

தங்கச்சி, முதலில் காகிதங்கள். வேலை, ரூம், குக்கர் எல்லாம் அப்புறம்.

அவனுடைய பிறப்புப் பத்திரத்தின் அசல் யாரிடம் இருக்கிறது என்று நாளைக்கே கேளுங்கள். நகல் போதாது. 12 வயதில் எடுத்த மைகார்டு (அடையாள அட்டை), பள்ளிச் சான்றிதழ்கள், தடுப்பூசிப் புத்தகம், அம்மாவின் இறப்புப் பத்திரம், நீதிமன்ற உத்தரவு ஏதாவது இருந்தால் அதன் நகல். நான் பார்த்த இல்லங்களில் இவை அலுவலகத்து இரும்பு அலமாரியில் பூட்டிக் கிடக்கும். சாவி வைத்திருந்தவர் மாறிப்போனால் கோப்பும் போயிற்று.

பூச்சோங் சாலை சுத்த சமாஜத்துப் பிள்ளைகள் இல்லத்தில் மதர் மங்களம் போல ஒருவர் தம் வாழ்நாளையே கொடுத்து ஒரே இடத்தில் இருந்தார். 2023இல் அவர் மறைந்த செய்தி வந்தபோது நான் நினைத்தது இதைத்தான்: எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஒருவர் வாய்ப்பதில்லை. வார்டன் மாறிக்கொண்டே இருப்பார். யாருக்கும் அவன் கதை முழுதாகத் தெரியாது. அதனால் கோப்பு அவன் கையில் இருக்க வேண்டும்.

18 ஆனதும் மைகார்டை மாற்ற வேண்டும், படம் புதிதாக எடுப்பார்கள். 25 வயது வரை அவகாசம் உண்டு. ஆனாலும் தள்ளிப் போடாதீர்கள்.


2009இல் வெளியேறியவன் | ஆகஸ்ட் 17

இந்த இழையை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நானும் ஹோமில் வளர்ந்தவன். எந்த ஹோம் என்று சொல்ல மாட்டேன், எனக்குச் சோறு போட்ட இடம் அது.

2009 ஜனவரியில் வெளியே வந்தேன். இரண்டு பிளாஸ்டிக் பையில் துணி. 150 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தார்கள். சித்தப்பா ஒருவர் கூட்டிப்போக வருவதாக ஏற்பாடு. வரவில்லை. அன்று இரவு புடுராயா பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். பயணிக்குக் காத்திருப்பவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தால் யாரும் எழுப்ப மாட்டார்கள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை கிடைத்தது. கடைக்கு மேலேயே தங்கலாம் என்றார்கள். சொர்க்கம் என்று நினைத்தேன். ஐந்து மாதம் கழித்து முதலாளியோடு சம்பளத் தகராறு. வேலை போன அன்றே படுக்கையும் போனது. அக்கா, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வேலையும் தங்குமிடமும் ஒரே ஆளின் கையில் இருந்தால், அவன் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

எனக்குச் சமைக்கத் தெரியும், துணி துவைக்கத் தெரியும், தரை துடைக்கத் தெரியும். ஹோமில் அதெல்லாம் நன்றாகப் பழக்கினார்கள். தெரியாதது காசு. பதினொரு வருடத்தில் என் கையில் பத்து வெள்ளிக்கு மேல் இருந்ததில்லை. முதல் சம்பளம் 600 வெள்ளி, ஒன்பது நாளில் தீர்ந்தது. எதற்குச் செலவு செய்தேன் தெரியுமா? கூட வேலை செய்தவர்களுக்கு ரொட்டி சானாய், கோழி என்று வாங்கிக் கொடுத்தேன். சாப்பாட்டு மேசையில் தனியாக உட்கார்ந்து பழக்கமில்லை எனக்கு. ஹோமில் நாற்பது பேர் சேர்ந்து சாப்பிடுவோம்.

இன்னொன்று. எந்த வேலைக்குப் போனாலும் ஒரு பாரம் கொடுப்பார்கள். அதில் "அவசரத் தொடர்பு" என்று ஒரு கட்டம் இருக்கும். பெயர், உறவு, போன் நம்பர். அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் இரண்டு இடத்தில் பாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். உங்கள் தம்பிக்கு ரூம் கிடைக்கிறதோ இல்லையோ, அந்தக் கட்டத்தில் எழுத ஒரு பெயர் கொடுங்கள்.


தோட்டத்துப் பேரன் | ஆகஸ்ட் 17

தவறாக நினைக்காதீர்கள், மனதில் பட்டதைச் சொல்கிறேன். என் அப்பா 14 வயதில் தோட்டத்தில் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போனார். நான் 17 வயதில் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். யாரும் எங்களுக்கு ரூம் பார்த்துக் கொடுக்கவில்லை. 18 வயது ஆண்பிள்ளைக்கு எல்லாவற்றையும் தட்டில் வைத்துக் கொடுத்தால் அவன் எப்போது கற்றுக்கொள்வான்? கஷ்டப்பட்டால்தான் நிமிர்வான் என்பது என் கருத்து.


2009இல் வெளியேறியவன் | ஆகஸ்ட் 17

அண்ணே, உங்கள் மேல் கோபமில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் அப்பா 14 வயதில் மரம் வெட்டிவிட்டு சாயங்காலம் எங்கே போனார்? தோட்டத்து லயத்து வீட்டுக்கு. அங்கே பாட்டி இருந்திருப்பார். நீங்கள் ஒர்க்‌ஷாப்பில் முதல் மாதம் சம்பளம் வராதபோது யார் வீட்டில் சாப்பிட்டீர்கள்?

கஷ்டப்பட நாங்கள் தயங்கியதில்லை. விழுந்தால் திரும்பிப் போக ஓர் இடம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். வீட்டில் வளர்ந்த பிள்ளை 18இல் ஒரு தப்பு செய்தால் திட்டு வாங்குவான். நாங்கள் அதே தப்பைச் செய்தால் தெருவில் நிற்போம்.


பத்திரம் பார்க்கும் அண்ணன் | ஆகஸ்ட் 18

டீச்சர் சொன்னதற்கு மேல் கொஞ்சம். பத்து வருடத்துக்கு மேலாக, அடையாள அட்டைச் சிக்கல் உள்ளவர்களைப் பதிவிலாகாவுக்குக் கூட்டிப் போகும் தொண்டு வேலை செய்கிறேன்.

ஏன் 18 என்று சிலர் கேட்பார்கள். 2001ஆம் ஆண்டு சிறார் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்தான் சிறார். பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளையை நீதிமன்றம் ஓர் இல்லத்தில் விட உத்தரவு போட்டால், அது 3 ஆண்டுக்கு, அல்லது பிள்ளைக்கு 18 ஆகும் வரை, எது முந்துகிறதோ அது வரை. 18 ஆன மறுநாள் அந்தக் கோப்பு மூடப்படும். தனியார் இல்லங்களில் இருக்கும் நம் பிள்ளைகளில் பலர் நீதிமன்றம் வழியாகவே வந்திருக்க மாட்டார்கள். வறுமை தாங்காமல் அம்மாவோ பாட்டியோ கொண்டுவந்து விட்டிருப்பார்கள். அவர்களுக்குக் கோப்பு என்று ஒன்று இருந்தாலே பெரிய விஷயம்.

நம்மவர்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் சிக்கல் இது. அப்பாவும் அம்மாவும் கோவிலில் தாலி கட்டியிருப்பார்கள், பதிவு செய்திருக்க மாட்டார்கள். 1982 மார்ச் முதல் நம் திருமணங்கள் சட்டப்படி பதிவாக வேண்டும். பதிவில்லை என்றால் பிள்ளையின் குடியுரிமை அம்மாவைப் பொறுத்துப் போகும். அம்மா மலேசியர் என்றால் தப்பித்தது. அம்மா வெளிநாட்டவர் என்றாலோ, அம்மாவின் காகிதமே இல்லை என்றாலோ, அப்பா மலேசியராக இருந்தும் பிறப்புப் பத்திரத்தில் "புக்கான் வார்கநெகாரா", அதாவது குடிமகன் அல்ல, என்று விழுந்துவிடும்.

தம்பியின் பத்திரத்தில் அந்த வரியை மட்டும் முதலில் பாருங்கள்.


செந்தூல் டியூஷன் அக்கா | ஆகஸ்ட் 24

நேற்று அலமாரியைத் திறந்து பார்த்தோம். தம்பி மலேசியக் குடிமகன், மைகார்டு இருக்கிறது, பத்திரத்தின் அசலும் இருக்கிறது. அம்மாவின் இறப்புப் பத்திரம் இல்லை.

ஆனால் அதே அலமாரியில் இன்னொரு பிள்ளையின் கோப்பு. 15 வயது. அண்ணன் சொன்ன அந்த இரண்டு சொல் அதில் இருக்கிறது. அவளுக்கே தெரியாது. பள்ளிக்குப் போகிறாள், நன்றாகப் படிக்கிறாள். யாரும் இதுவரை அந்தக் காகிதத்தைக் கவனித்துப் பார்க்கவில்லை. என்ன செய்யலாம்?


பத்திரம் பார்க்கும் அண்ணன் | ஆகஸ்ட் 24

அக்கா, தம்பியை விட இது அவசரம். அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவில், தனிச் சூழ்நிலை உள்ள பிள்ளையைக் குடிமகனாகப் பதிய அரசாங்கத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்கு வயது வரம்பு 21 என்று இருந்தது. 2024 அக்டோபரில் நாடாளுமன்ற மக்களவை நிறைவேற்றிய திருத்தத்தில் அதை 18 ஆகக் குறைத்திருக்கிறார்கள். ஆகவே 21 வரை நேரம் இருக்கிறது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 15 வயதில் விண்ணப்பித்தால்தான் பதில் வரக் காத்திருக்கவும், மறுத்தால் மறுபடி போடவும் காலம் இருக்கும்.

இல்லத்து நிர்வாகியையும் சமூக நல இலாகா அதிகாரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் கூட வருகிறேன், தனிச் செய்தி அனுப்பியிருக்கிறேன். ஐசி, அதாவது மைகார்டு, இல்லாமல் 18 வயதைக் கடந்தால் வங்கிக் கணக்கு, சட்டப்படியான வேலை, சேமநிதி, வண்டி லைசன்ஸ் எதுவும் நேராக நடக்காது. மாதம் 50 வெள்ளிக்கு ரயிலும் பஸ்ஸும் ஓடும் மை50 அட்டை கூடக் குடிமக்களுக்குத்தான்.


பிறை ஷிப்டு சூப்பர்வைசர் | ஆகஸ்ட் 25

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். பிறை, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகளை எடுக்கிறார்கள். சில இடங்களில் ஹாஸ்டல், வேன் எல்லாம் உண்டு. 2009 தம்பி சொன்ன ஆபத்து இங்கேயும் இருக்கிறது, வேலை விட்டால் ஹாஸ்டல் போகும். ஆனால் பெரிய தொழிற்சாலையில் சம்பளம் வங்கிக்குப் போகும், சேமநிதி, சொக்சோ காப்புறுதி பிடிப்பார்கள். அந்த வகையில் கடை வேலையை விட பாதுகாப்பு.

என் லைனில் ஹோமிலிருந்து வந்த மூன்று பிள்ளைகள் வேலை செய்திருக்கிறார்கள். வேலையில் குறை சொல்ல முடியாது, மணி அடித்தால் எழுந்துவிடுவார்கள். ஒருவன் மூன்றாவது மாதம் நின்றுவிட்டான். காரணம் பின்னால் தெரிந்தது. தீபாவளிக்கு ஹாஸ்டலில் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். நான்கு நாள் அவன் மட்டும். கேன்டீனும் மூடியிருந்தது. அதற்குப் பிறகு அவன் வேலைக்கு வரவில்லை.

அடுத்த வருடத்திலிருந்து என் வீட்டில் ஒரு இலை அதிகம் போடுகிறோம். இங்கே ஹோம்களுக்குத் தீபாவளி வாரத்தில் பத்து குழுக்கள் வந்து கேக் வெட்டி, படம் எடுத்து, அரிசி மூட்டை கொடுத்துவிட்டுப் போவார்கள். நல்ல மனதுதான். அதில் ஒரு குழு, ஹோமை விட்டுப் போன பிள்ளைகளைத் தேடிப் போனால் எவ்வளவு நன்றாக இருக்கும்.


கணக்குப் பிள்ளை | ஆகஸ்ட் 26

அக்காவின் தம்பி நோட்டில் விட்டு வைத்த இடத்தை நிரப்பிப் பார்க்கிறேன்.

2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. சேமநிதி 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி போகும். சொக்சோ, வேலைக் காப்புறுதி சேர்த்து இன்னும் ஒரு பன்னிரண்டு. கைக்கு ஏறக்குறைய 1,500.

ரூம் 450 என்று வைப்போம், கெப்போங், செத்தாப்பாக் பக்கம் இதற்குச் சின்ன ரூம் தேடினால் கிடைக்கும். சாப்பாடு ஒரு நாளைக்கு 15 என்றால் மாதம் 450. மை50 அட்டை 50. போன் 35. தண்ணீர், மின்சாரப் பங்கு 50. சோப்பு, சலூன், மருந்து, பள்ளி நண்பன் கல்யாணம் என்று 150. கூட்டினால் 1,185. மாதம் 300 மிஞ்சும். வாழலாம்.

ஆனால் வாழ்க்கை மாத நடுவில் தொடங்காது, நுழைவாசலில் தொடங்கும். ரூமுக்கு இரண்டு மாத டெபாசிட், ஒரு மாத முன்பணம் கேட்பார்கள், 1,350. மின்சார, தண்ணீர் டெபாசிட் அரை மாதம், 225. ஆக 1,575. குக்கர், மெத்தை, வாளி 300. முதல் சம்பளம் வரும் வரை ஒரு மாதச் சாப்பாடும் பஸ்ஸும் 500. மொத்தம் 2,400க்குக் கிட்டே, ஒரு காசு சம்பாதிப்பதற்கு முன்பே. ஹோம் பிள்ளைகள் விழுவது இந்தப் பள்ளத்தில்தான். மாதச் செலவில் இல்லை.

இதை நிரப்ப அரசாங்க உதவி உண்டா என்று கேட்பீர்கள். எஸ்.டி.ஆர். என்ற அரசாங்க உதவித்தொகை திருமணமாகாதவர்களுக்கு 21 வயதிலிருந்துதான். சமூக நல இலாகாவில் சிறுதொழில் தொடங்க ஒரு முறை மானியம் உண்டு, 2,700 வெள்ளி வரை, ஆனால் அது தொழிலுக்கு, ரூமுக்கு அல்ல. 18க்கும் 21க்கும் நடுவில் இந்தப் பிள்ளை எந்தப் பட்டியலிலும் இல்லை. எனக்கு இதைச் சொல்லும்போது கோபம்தான் வருகிறது.

ஆகவே இப்போதிருந்தே ஆறு பேர் மாதம் 70 வெள்ளி போட்டால் பிப்ரவரிக்குள் 2,500 சேரும். என் 70 உறுதி. அதைத் தானமாகக் கொடுக்காமல், டெபாசிட் பணம் திரும்பி வந்தால் அடுத்து வெளியேறும் பிள்ளைக்கு என்று ஏற்பாடு செய்யுங்கள். தம்பிக்கும் அது கௌரவமாக இருக்கும்.


ஜாலான் ஈப்போ ரூம்காரம்மா | ஆகஸ்ட் 27

நான் ரூம் வாடகைக்கு விடுபவள். உண்மையைச் சொல்கிறேன், ஹோமிலிருந்து வந்த பையன் என்று சொன்னால் பல பேர் தயங்குவார்கள். அதற்கு முன்பே, இந்தியர் என்றாலே ரூம் இல்லை என்று விளம்பரத்தில் போடுகிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள், அது எல்லாருக்கும் தெரியும். ஆக தம்பிக்கு இரண்டு கதவு மூடியிருக்கும்.

எனக்கு என்ன பயம் என்றால், ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது? காய்ச்சலில் கிடந்தால்? இரண்டு மாதம் வாடகை வராமல் போனால்? அம்மா அப்பா உள்ள பையனென்றால் ஒரு போன் போட்டால் முடிந்தது. டியூஷன் அக்கா நேரில் வந்து, "நான் இருக்கிறேன், என்ன ஆனாலும் எனக்குப் போன் போடுங்கள்" என்று சொன்னால் நான் டெபாசிட்டைக் கூட மூன்று தவணையாக வாங்கிக்கொள்வேன். பணத்துக்கு ஜாமீன் கேட்கவில்லை. போன் எடுக்க ஒரு ஆள்.

எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, முத்திரைக் கட்டணமும் கட்டிவிடச் சொல்லுங்கள். டெபாசிட் கொடுத்த ரசீதைப் படமெடுத்து வைக்கட்டும்.


பெண்கள் ஹோமில் வளர்ந்தவள் | ஆகஸ்ட் 29

எல்லாரும் தம்பி தம்பி என்றே பேசுகிறீர்கள். தங்கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

என்னோடு வெளியே வந்தவர்கள் நான்கு பேர். இரண்டு பேர் ஒரு வருடத்துக்குள் கல்யாணம். காதல் என்று சொன்னார்கள். வீடு வேண்டியிருந்தது என்று இப்போது அவர்களே சொல்கிறார்கள். முதன்முதலில் அன்பாக, "சாப்பிட்டியா?" என்று கேட்டவன் பின்னால் போய்விட்டோம் என்றாள் ஒருத்தி. அவள் கணவன் நல்லவனாக அமைந்தான். இன்னொருத்தி கைக்குழந்தையோடு 20 வயதில் திரும்பி வந்து ஹோம் வாசலில் நின்றாள். அந்தக் குழந்தை இப்போது வேறொரு ஹோமில்.

எங்களுக்கு ஹோமில் பையன்களோடு பேசக்கூடாது, போன் கூடாது, கேட்டுக்கு வெளியே தனியாகப் போகக்கூடாது. எல்லாம் பாதுகாப்புக்காகத்தான். அந்தக் கட்டுப்பாடு அத்தனையும் 18 வயதில் ஒரே நாளில் போய்விடுகிறது. 15 வயதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தியிருந்தால் நாங்கள் தப்பு செய்யும்போதே பிடித்துச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். மாதம் 30 வெள்ளி கையில் கொடுத்து, கடைக்குத் தனியாக அனுப்பி, மீதியை வைத்துக்கொள் என்று சொல்லுங்கள். அதில் கற்றுக்கொள்வது ஒரு பயிற்சி முகாமில் கிடைக்காது.

அப்புறம், 18 ஆனதும் எங்கிருந்தோ சொந்தம் வரும். எனக்கு ஒரு பெரியம்மா வந்தார். பத்து வருடம் எட்டிப் பார்க்காதவர், "நம்ம ரத்தம்" என்று அழுது கூட்டிப் போனார். சம்பளத்தை அவர் வாங்கிக்கொண்டார், ஐசியும் அவர் பெட்டியில். சொந்தத்தோடு பேசாதே என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள், அந்த ஏக்கம் எங்களுக்குத்தான் தெரியும். போய்ப் பார்க்கட்டும், இரண்டு நாள் தங்கட்டும். ஆனால் ஐசி, வங்கி அட்டை இரண்டும் தன் பையில்தான் இருக்க வேண்டும் என்று மட்டும் ஆயிரம் முறை சொல்லுங்கள்.


2009இல் வெளியேறியவன் | ஆகஸ்ட் 29

வங்கி அட்டை என்றதும் ஞாபகம் வந்தது. இப்போது இந்தப் பிள்ளைகளை வளைத்துப் பிடிக்கிறவர்கள், "உன் கணக்கை ஒரு மாதம் கொடு, 500 வெள்ளி தரேன்" என்று வருகிறார்கள். மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகும். கடைசியில் போலீஸ் தேடி வருவது பிள்ளையைத்தான். கழுதைக் கணக்கு என்று பத்திரிகையில் வருவது இதுதான். எனக்குத் தெரிந்த ஒரு 19 வயதுப் பையன் இப்படி மாட்டினான். அவன் அந்த 500 வெள்ளியில் வாடகை டெபாசிட் கட்டியிருந்தான். ஆலோங்கிடம் (வட்டி முதலையிடம்) போகாமல் தப்பித்தோம் என்று வேறு நினைத்திருக்கிறான்.

அக்கா, இதைத் தம்பியிடம் பயமுறுத்தாமல், உட்கார வைத்துச் சொல்லுங்கள்.


லீட்ஸ் மாமி | செப்டம்பர் 2

பிறந்து வளர்ந்தது பிரிக்பீல்ட்ஸ், இப்போது இங்கிலாந்தில் இருக்கிறேன். இங்கே ஒரு வளர்ப்புக் குடும்பமாகப் பதிந்து பிள்ளைகளை வைத்திருந்தோம். இங்குள்ள சட்டப்படி, பிள்ளைக்கு 18 ஆனாலும் வளர்த்த குடும்பமும் பிள்ளையும் விரும்பினால் 21 வரை அதே வீட்டில் இருக்கலாம், 2014இல் கொண்டு வந்தார்கள். 25 வயது வரை உள்ளாட்சியிலிருந்து ஒரு தனி ஆலோசகர் கேட்டு வாங்கலாம். இந்தியாவிலும் 2015 சட்டத்தில், இல்லத்தை விட்டவர்களுக்கு 21 வரை பின்பராமரிப்பு என்று ஒரு பிரிவு உண்டு.

இங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்லவில்லை. ஆலோசகர் வருடத்துக்கு மூன்று முறை மாறுவார், நாங்களே பார்த்தோம். ஆனாலும் சட்டத்தில் 18க்குப் பிறகும் அந்தப் பிள்ளையின் பெயர் இருக்கிறது. மலேசியாவிலும் அதைக் கேட்க வேண்டும். உங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதுங்கள். இப்போது 18 வயதில் தானாகவே வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறிவிடுகிறது. ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் இந்தப் பிள்ளைகளிடமும் வரத்தான் போகிறார்கள்.


ஓய்வுபெற்ற டீச்சர் | செப்டம்பர் 3

படிப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ரூம் பிரச்சினைக்கும் பணப் பிரச்சினைக்கும் சேர்த்து ஒரு வழி, ஹாஸ்டல் உள்ள தொழிற்கல்வி. மனிதவளத் துறையின் பயிற்சிக் கழகங்கள் இருக்கின்றன, முன்பு ஐ.எல்.பி. என்போம், இப்போது அட்தெக் என்று பெயர். ஷா ஆலாமில் மோன்ஃபோர்ட் பாய்ஸ் டவுன் இருக்கிறது, வசதி இல்லாத பிள்ளைகளுக்கென்றே தொழில் கற்றுக்கொடுக்கிறார்கள், எல்லா மதத்தினரும் சேரலாம். மலேசியத் திறன் சான்றிதழ் கையில் இருந்தால் குறைந்தபட்சச் சம்பளத்திலேயே நிற்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. செமஸ்டர் விடுமுறையில் ஹாஸ்டலை மூடுவார்கள். அந்த வாரங்களில் எங்கே போவான் என்பதற்கு முன்கூட்டியே பதில் வைத்திருங்கள். பிறை சூப்பர்வைசர் சொன்ன அந்த நான்கு நாள் கதை இங்கேயும் நடக்கும்.


தோட்டத்துப் பேரன் | செப்டம்பர் 5

இரண்டு வாரமாக எல்லாவற்றையும் படித்தேன். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. முதல் மாதச் சம்பளம் வராதபோது நான் சாப்பிட்டது என் அக்கா வீட்டில். ஆறு வாரம். அதை மறந்தே போயிருந்தேன்.

பிள்ளை உழைக்க வேண்டும் என்ற கருத்தில் இன்னும் மாற்றமில்லை. ஆனால் என் 70ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒர்க்‌ஷாப் பத்து கேவ்ஸ் பக்கம்தான். எஸ்.பி.எம். முடிந்ததும் தம்பி வந்து பார்க்கட்டும். பிடித்தால் வேலை. தங்க இடம் நான் கொடுக்க மாட்டேன், 2009 தம்பி சொன்ன காரணத்துக்காகவே.


செந்தூல் டியூஷன் அக்கா | ஜனவரி 25

நீண்ட நாள் எழுதவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், எல்லாம் நாம் போட்ட கணக்குப்படி நடக்கவில்லை.

எஸ்.பி.எம். முடிந்தது. தொழிற்கல்விக்கு விண்ணப்பம் போடலாம் என்றால் தம்பி இப்போது வேண்டாம் என்கிறான். அவனுக்கு ஒரு தங்கை, 14 வயது, வேறு இல்லத்தில். நான் இதை இவ்வளவு நாள் கேட்காமல் விட்டது என் தப்பு. சீக்கிரம் சம்பாதித்து அவளைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவன் நினைப்பு முழுதும். பத்திரம் அண்ணன் அவனிடம் பொறுமையாகப் பேசினார். தங்கை நீதிமன்ற உத்தரவில் இருக்கிறாள், இலாகாவின் அனுமதி வேண்டும், 18 வயது அண்ணனின் ஒற்றை ரூமுக்கு விட மாட்டார்கள். ஆனால் மாதம் இரண்டு ஞாயிறு பார்க்கலாம், அதற்கு முறைப்படி கடிதம் கொடுப்போம் என்றார். தம்பி முகம் வாடிவிட்டது. கடிதத்தில் கையெழுத்துப் போட்டான். பயிற்சிக் கழகத்துக்கு அடுத்த சேர்க்கையில் பார்க்கலாம் என்று மட்டும் ஒப்புக்கொண்டிருக்கிறான்.

15 வயதுப் பெண்ணின் விண்ணப்பம் அக்டோபரில் கொடுத்தாயிற்று. பதில் இன்னும் இல்லை. இல்லத்திலும் மற்ற எல்லாப் பிள்ளைகளின் கோப்பையும் எடுத்துப் பார்த்துவிட்டார்கள்.

முதலில் பேசிய ரூம் கைவிட்டுப் போனது, செத்தாப்பாக்கில். நேரில் பார்த்ததும் ஆள் எடுத்துவிட்டோம் என்றார்கள். தம்பி திரும்பி வரும் வழியெல்லாம் பேசவில்லை. பிறகு ஜாலான் ஈப்போ அம்மாவிடமே போனோம். நேற்று ஒப்பந்தம் போட்டாயிற்று, டெபாசிட் மூன்று தவணை. ஒர்க்‌ஷாப்பில் இரண்டு வாரமாகப் போகிறான், கிரீஸ் நாற்றத்தோடு டியூஷனுக்கு வந்து சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறான். வேலைப் பாரத்தில் அந்தக் கட்டத்தில் என் நம்பரை எழுதியிருக்கிறான். உறவு என்ற இடத்தில் மலாயில் "காகாக்", அக்கா, என்று போட்டிருந்தான். நான் அதைப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

குக்கர் வாங்கியாயிற்று. மெத்தை இருக்கிறது. கட்டில் இல்லை.


பிறை ஷிப்டு சூப்பர்வைசர் | ஜனவரி 25

தங்கையை முதலில் பார்க்கப் போகும் ஞாயிறு என்றைக்கு என்று சொல்லுங்கள் அக்கா. இரண்டு பேரும் வெளியே சாப்பிட நான் கொஞ்சம் அனுப்புகிறேன்.


தோட்டத்துப் பேரன் | ஜனவரி 25

என் மகன் கட்டில் ஒன்று சும்மா இருக்கிறது, மரக் கட்டில், நல்ல கனம். இந்த வாரம் தைப்பூசக் கூட்டம், பத்து கேவ்ஸ் பக்கம் லாரி நுழைய முடியாது. தைப்பூசம் கழிந்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தம்பியும் நானும் கொண்டுவருகிறோம். மாடி எத்தனையாவது, லிஃப்ட் உண்டா?


ஜாலான் ஈப்போ ரூம்காரம்மா | ஜனவரி 26

மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. கட்டிலைக் கழற்றிக் கொண்டுவாருங்கள், படிக்கட்டுத் திருப்பத்தில் மாட்டிக்கொள்ளும். ஸ்பானர் என்னிடம் இருக்கிறது.